வராத நான்கு பாய்லர்கள்

என் பாய்லர் செத்து மூன்று வருடம் ஆகிறது என்பது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குத்தான் எனக்கு நிச்சயமானது. அந்த நேரத்தில் அது கொதித்துக்கொண்டிருந்தது. அடுத்த ஷிஃப்ட் ஆளைக் கெஞ்சிக் கூத்தாடி அதன் முன்னால் உட்காரவைத்துவிட்டு, நான் ஒரு சர்க்கார் ஆபீஸின் நான்காவது மாடியில் நின்றுகொண்டிருந்தேன்.

நான் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் பாய்லர்காரன். இருபத்திரண்டு வருட சர்வீஸ். வார்டுகளிலிருந்து வரும் படுக்கை விரிப்பு, போர்வை, ஆபரேஷன் அறைத் துணி எல்லாவற்றையும் கொதிநீரில் துவைத்து, நீராவியில் இஸ்திரி போட்டுத் திருப்பி அனுப்புகிற இடம் அது. அந்த ஆவி முழுக்க என் பாய்லரிலிருந்து போக வேண்டும். நிலக்கரி போட்டு எரிக்கிற பழைய சாமான். எனக்கும் அதற்கும் ஏறக்குறைய ஒரே வயது; எனக்கு இன்னும் ஓட்டை விழவில்லை என்பதுதான் வித்தியாசம். உள்ளே ஓடும் குழாய்களில் பதினேழு ஓட்டையாகிப் போய், இரண்டு முனையிலும் அடைப்பு வைத்திருக்கிறேன். பல் போனவர் மிச்சப் பல்லை வைத்துச் சாப்பிடுகிற மாதிரி வண்டி ஓடுகிறது.

பாய்லருக்குப் பத்தடி தள்ளி இஸ்திரி இயந்திரம். அதில் நிற்பது என் தங்கச்சி. அவளோடு இன்னும் ஐந்து பெண்கள். என்னையும் சேர்த்தால் ஏழு பேர். போன மாதம் நீராவிக் குழாயின் இணைப்பு ஒன்று பிய்த்துக்கொண்டு அவள் முழங்கை வெந்துபோனது. "சின்னப் புண்ணுதாண்ணே, விடு" என்றாள். எப்படி விடுவது? இணைப்பு பிய்ந்தால் கை வேகும். பாய்லரே பிய்ந்தால் கூரை இருக்காது, கூரைக்குக் கீழே இருப்பவர்களும் இருக்க மாட்டார்கள். அது வெடிப்பதற்குள் ஒரு புது பாய்லர் வர வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மனு எழுதி ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டரிடம் கையெழுத்து வாங்கி அனுப்பினேன். நான்கு மாதம் கழித்து அது திரும்பி வந்தது. ‘மேற்படி பாய்லர் மூன்று ஆண்டுகளுக்கு முன்பே மூடப்பட்டுவிட்டது. மூடப்பட்ட பாய்லருக்கு மாற்று தேவை எழவில்லை. இப்படிக்கு, எதிர்காலப் புகைக் கணிப்புப் பிரிவு.’

அதனால்தான் நான்காவது மாடி. அறை நீளமாக இருந்தது. சுவர்க் கடிகாரம் ஏழே காலில் நின்றுபோயிருந்தது, அதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. ஆனால் 2050-இல் நாட்டில் எத்தனை மாடு இருக்கும், எத்தனை லாரி ஓடும் என்று எல்லா மேஜையிலும் தாள் இருந்தது. ஜன்னலோரம் ஒருவர் அடிக்கோலும் மூன்று கலர் பென்சிலும் வைத்துக்கொண்டு குனிந்திருந்தார். கோடு போடுவதே வேலை என்பதால் அந்த ஆபீஸில் அவரைக் கோட்டுக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். நல்ல மனுஷன், அதைச் சொல்லியே ஆக வேண்டும். என்னைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"வாங்க, உக்காருங்க. எந்த வருஷத்துல இருந்து வர்றீங்க?"

"சலவைக்கூடத்துல இருந்து வர்றேன் சார்."

"அது இடம். வருஷம் என்ன?"

"இந்த வருஷம்தான் சார்."

அவர் முகம் லேசாகச் சுருங்கியது. "இந்த வருஷமா? எங்ககிட்ட அடுத்த வருஷத்துல இருந்துதான் ஆரம்பம். சரி பரவால்ல, சொல்லுங்க."

மனுவைக் காட்டினேன். அவர் ஒரு பெரிய தாளை விரித்தார். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று கோடுகள் ஓடின. நாடு எதுவுமே செய்யாவிட்டால் எவ்வளவு புகை வரும் என்பது சிவப்பு. இப்போது செய்துகொண்டிருப்பதைச் செய்தால் மஞ்சள். இனிமேல் செய்ய உத்தேசிப்பதையும் சேர்த்துச் செய்தால் பச்சை. எல்லா நாடும் இப்படித்தான் மூன்று கோடு போட்டு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை உலகத்துக்கு அறிக்கை கொடுக்கிறது என்றார்.

"உங்க பழைய பாய்லர மூடுறதா மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு முடிவு எடுத்தாங்க. முடிவு எடுத்தா அது மஞ்சள்ல வந்துரும். வந்துருச்சு. இதோ பாருங்க, இந்த எடத்துல கோடு கொஞ்சம் எறங்குது இல்ல? அது நீங்கதான்."

பார்த்தேன். நெற்றிச் சுருக்கம் அளவுக்கு ஒரு இறக்கம்.

"புது பாய்லர் சார்?"

"அது உத்தேசம். அதனால பச்சைல இருக்கு. அதுக்கும் கொஞ்சம் எறக்கம் குடுத்திருக்கேன்."

"சார், பழசு போயிருச்சு, புதுசு வரல. அப்ப நடுவுல நான் எதுல சார் துணி வெளுக்கிறது?"

"நடுவுல கோடு நேரா போகுது" என்றார், ஆறுதலாக.

புதுசு ஏன் வரவில்லை என்று கேட்டேன். அதற்கும் ஃபைல் இருந்தது. புது பாய்லர் வாங்குவதற்கு முன்னால் அது அவசியமா என்று பார்க்கக் கொள்முதல் பிரிவு இந்த அறிக்கைக்காகக் காத்திருந்ததாம். அறிக்கை வந்தது. அதில் சலவைக்கூடத்தின் புகை ஏற்கெனவே குறைந்துவிட்டது என்று இருந்தது. எனவே அவசியம் இல்லை என்று முடித்துவிட்டார்கள். மூடிய பாய்லரைச் சோதிக்க வேண்டியதில்லை என்பதால் பாய்லர் இன்ஸ்பெக்டரின் பட்டியலிலிருந்தும் என் பாய்லரை எடுத்துவிட்டார்கள். மூன்று வருடமாக அந்த மனிதர் ஏன் எட்டிப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவருக்கு என் மேல் ஏதோ கோபம் என்று நினைத்திருந்தேன்.

"சார், ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க சார். பொகை வருது. கண்ணால பாக்கலாம்."

"நாங்க எதிர்காலம். நடந்தது எல்லாம் ரெண்டாவது மாடி."

இரண்டாவது மாடிக்குப் போனேன். அங்கே கண்ணாடி போட்ட ஒரு அம்மா கட்டுக் கட்டாக ஃபைல்களுக்கு நடுவே இருந்தார். நாட்டில் வெளியான புகையை வருடவாரியாகக் கூட்டி எழுதுவது அவர் வேலை. அவர் இப்போதுதான் முந்தின வருடத்துக்கு முந்தின வருடத்தில் இருந்தார்.

"இன்னைக்கு வர்ற பொகைய ரெண்டு வருஷம் கழிச்சு எடுப்போம். அப்ப வாங்க" என்றார்.

"அம்மா, மேல கேட்டா நாளைக்குத்தாங்கிறாங்க. நீங்க முந்தாநாள்ங்கிறீங்க. இன்னைக்குன்னு ஒரு பிரிவு இல்லையா?"

"ஆரம்பிக்கணும்னு ஒரு யோசனை இருக்கு" என்றார் அவர். "2035-ல."

வீட்டுக்கு வந்து தங்கச்சியிடம் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "சிரிக்காத. நாளைக்கு அது வெடிச்சாக்கூட, இல்லாத பாய்லர் எப்படி வெடிக்கும்னு கேப்பானுங்க" என்றேன். சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையாக, நான் போய் வந்த பத்தாம் நாள் எனக்கு ஒரு கடிதம் வந்தது. ‘தங்கள் பாய்லர் நாட்டின் அதிகாரபூர்வக் கணிப்பிலிருந்து விலகிச் செயல்படுவதாகத் தெரியவருகிறது. இவ்விலகலுக்கான காரணத்தை ஏழு நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கவும்.’ நான் ஒரே வரி எழுதினேன்: ‘ஐயா, நோயாளிகள் கணிப்பின்படி படுக்கையை அழுக்காக்குவதில்லை.’ பெரிய டாக்டர் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, என் எழுத்து நன்றாக இருப்பதாகச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

அதற்கு அடுத்த வாரம் பரிசீலகர் வருகிறார் என்று தகவல் வந்தது. ஒரு நாட்டின் அறிக்கையை இன்னொரு நாட்டுக்காரர் வந்து சரிபார்ப்பது வழக்கமாம். இந்தப் பரிசீலகரின் நாட்டு அறிக்கையைப் போன வருடம் நம் புகைக் கணிப்புப் பிரிவின் இயக்குநர் போய்ப் பரிசீலித்திருந்தார். அதனால் இரண்டு பேருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு நல்ல அபிப்பிராயம். வெற்றிகரமாக மூடப்பட்ட பாய்லர் என்று காட்டுவதற்கு இயக்குநர் எங்கள் சலவைக்கூடத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார்.

முந்தின நாள் சாயங்காலம் நெருப்பை அணைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. அணைத்தேன். காலையில் பிரசவ வார்டுக்கு விரிப்பு போகவில்லை. நர்ஸ் அம்மா போனில் என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுதினால் தாள் கருகிவிடும்.

பத்து மணிக்கு வந்தார்கள். இயக்குநர் வெள்ளைச் சட்டையில் முன்னால் நடந்தார், கோட்டுக்காரர் தாளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பின்னால் வந்தார். எங்கள் ஏழு பேரையும் சுவரோரம் வரிசையாக நிற்கவைத்தார்கள். இயக்குநர் பேசினார்.

"புகை குறைவது நம் கையில் இல்லை. குறையும் என்று சொல்வது நம் கையில் இருக்கிறது. நம் கையில் இருப்பதை நாம் ஒருநாளும் தவறவிட்டதில்லை. இதுவரை ஒன்பது அறிக்கை கொடுத்திருக்கிறோம், ஒன்றுகூடத் தாமதம் இல்லை. 2050-இல் நம் நாட்டில் புகை பூஜ்யம். அந்த வருடம் இங்கே நிற்கும் அதிகாரிகள் யாரும் பதவியில் இருக்க மாட்டோம். எந்தச் சுயநலமும் இல்லாமல்தான் இந்த இலக்கை வைத்திருக்கிறோம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?"

நாங்கள் கை தட்டினோம். தட்டச் சொல்லியிருந்தார்கள்.

பரிசீலகர் பாவம், நெடுந்தூரம் பயணம் செய்த களைப்பில் இருந்தார். நிற்க முடியாமல் பாய்லர் மேல் கையை ஊன்றினார். ஊன்றிய வேகத்தில் எடுத்தார்.

"இது சுடுதே?"

நான் வாயைத் திறப்பதற்குள் இயக்குநர் முந்திக்கொண்டார். "அது கடந்த காலத்தோட சூடு. நாங்க எதிர்காலத்துக்குத்தான் பொறுப்பு."

பரிசீலகர் கையை ஊதிக்கொண்டே குறிப்பெடுத்தார். எனக்கு நம்பிக்கை வந்தது. ஒரு மாதம் கழித்து அவர் குறிப்புகள் வந்தன. மொத்தம் நாற்பத்தொரு திருத்தம். எண்களில் புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் போதாது, மூன்று வேண்டும். மஞ்சள் கோடு பிரதி எடுக்கும்போது தெரியவில்லை, கொஞ்சம் அழுத்தமாகப் போடவும். இப்படியே நாற்பது. நாற்பத்தொன்றாவது: ‘களப் பயணத்தின்போது கையுறை வழங்கவும்.’

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இங்கே கறியையும் ஏட்டிலேயே சமைத்து, ஏட்டிலேயே சாப்பிட்டு, ஏட்டிலேயே ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தார்கள். இதற்கிடையில் பதினெட்டாவது குழாய் ஓட்டையானது. அடைத்தேன். அழுத்தம் ஏறும்போதெல்லாம் அடித் தகட்டிலிருந்து ‘டொக் டொக்’ என்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. அந்தச் சத்தம் கேட்டால் நான் தங்கச்சியை ஏதாவது சாக்குச் சொல்லி வெளியே அனுப்பினேன். ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் ஒருத்தியை டீ வாங்க அனுப்புவது?

மறுபடியும் நான்காவது மாடி ஏறினேன். அன்றைக்குக் கோட்டுக்காரர் ஸ்டூல் மேல் ஏறி நின்று, சுவரில் இருந்த படத்துக்கு மேலே இன்னொரு தாளை ஒட்டிக்கொண்டிருந்தார். சந்தோஷமாக இருந்தார்.

"போன அறிக்கைய விட இந்தத் தடவ நம்ம குறைப்பு ரெண்டு மடங்கு!"

"அப்படியா சார்? என்ன பண்ணீங்க?"

"செவப்ப ஏத்தினேன்."

எனக்குப் புரியவில்லை. அவர் ஸ்டூலிலிருந்து இறங்கி, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். நாடு எதுவும் செய்யாவிட்டால் வரக்கூடிய புகை சிவப்பு. அதற்கும் பச்சைக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் குறைப்பு. பச்சையை இறக்க வேண்டுமானால் யாராவது எதையாவது செய்ய வேண்டும். சிவப்பை ஏற்றப் பென்சில் போதும். "தாள் பத்தல. அதான் ஒட்டுறேன்" என்றார்.

சாப்பாட்டு நேரத்தில் இதை அப்படியே தங்கச்சியிடம் சொல்லிப் புலம்பினேன். அவள் டப்பாவை மூடிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஏண்ணே, எனக்கு ரெண்டு நாள் லீவு வேணும்னா மேஸ்திரி அம்மாகிட்ட எத்தன நாள் கேப்பேன்?"

"எத்தன?"

"அஞ்சு. அந்தம்மா மூணு நாள வெட்டிட்டு, கண்டிப்பா இருந்துட்டோம்னு சந்தோஷமா போகும். நான் ரெண்டு நாள வாங்கிட்டு சந்தோஷமா போவேன். நீ ஒரு பாய்லர் கேட்ட பாரு, அதான் தப்பு."

"அதுக்கு?"

"அஞ்சு கேளு. அதுவும் இருக்கிறதுலயே மோசமான நிலக்கரி பாய்லரா கேளு."

அன்றைக்கே உட்கார்ந்து எழுதினோம். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பழையதற்கு மாற்று என்ற பேச்சையே எடுக்கவில்லை. ‘சலவைக்கூட விரிவாக்கம். ஐந்து நிலக்கரி பாய்லர்கள். ஐந்து புகைபோக்கிகள்.’ பெரிய டாக்டர் வழக்கம்போலக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, அஞ்சா, என்று மட்டும் கேட்டார்.

கோட்டுக்காரர் மனுவை இரண்டு தடவை படித்தார். "அஞ்சு! அஞ்சும் நிலக்கரி! இத இவ்வளவு நாள் எங்கய்யா வெச்சிருந்தீங்க?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்று சாயங்காலமே ஐந்தும் சிவப்பில் ஏறின. மறுநாள் இயக்குநர் என்னை உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தார். நான்கை ரத்து செய்வது என்றும், ஒன்றை நிலக்கரிக்குப் பதில் எரிவாயு பாய்லராக மாற்றுவது என்றும் முடிவாயிற்று.

எனக்குள் ஒரு பயம். "சார், அந்த ஒண்ணையும் ரத்து பண்ணிர மாட்டீங்களே?" என்று கேட்டுவிட்டேன்.

"என்னய்யா பேசுறீங்க?" இயக்குநருக்குக் கோபமே வந்தது. "அஞ்சையும் ரத்து பண்ணினா, மொத்தத் திட்டமே பொய்யின்னு பரிசீலகர் சொல்லிருவார். ஒண்ணு நெஜமா வந்தாத்தான் மத்த நாலும் ஒழுங்கா வராம இருக்க முடியும். ஒரே கையெழுத்துல நாலு பாய்லரோட பொகைய தடுத்திருக்கேன். என் சர்வீஸ்ல இப்படி ஒரு நாள் வந்ததில்ல."

அவருக்குக் கண் கலங்கியது. சத்தியமாகச் சொல்கிறேன், நடிக்கவில்லை.

நான்கு மாதம் என் மனுவைத் திருப்பி அனுப்ப எடுத்துக்கொண்ட சர்க்கார், நாற்பதே நாளில் பாய்லரை வாசலில் கொண்டுவந்து இறக்கியது. பச்சை பெயிண்ட் அடித்த, புத்தம் புது எரிவாயு பாய்லர். பழையதைப் பிரிக்க மட்டும் யாரிடம் அனுமதி வாங்குவது என்று விசாரித்தேன். இல்லாத பாய்லரைப் பிரிக்க யார் அனுமதியும் வேண்டாம் என்றார்கள். அந்த ஒரு விஷயத்தில் சர்க்கார் எனக்கு உதவி செய்ததை மறைக்கக் கூடாது.

பிட்டர்கள் இரண்டு பேர் வந்து பழையதைப் பிரித்தார்கள். மூத்தவர் அடித் தகட்டைச் சுரண்டிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரைத் தகட்டின் மேல் வைத்துக் கட்டைவிரலால் லேசாக அழுத்தினார். அது அட்டைப் பெட்டியில் போவதுபோல உள்ளே போய்விட்டது.

"இதுலயா ஆவி ஏத்திக்கிட்டு இருந்தீங்க?" என்றார் அவர். "இன்னொரு வாரம் தாங்கியிருக்காதுங்க."

அங்கேயே ஒரு துணி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். தங்கச்சி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவளும் அந்த ஓட்டையைப் பார்த்தாள். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மற்ற ஐந்து பெண்களும் ஒவ்வொருவராக வந்து, குனிந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நான் அழுதேன். வெட்கம் என்ன இதில்? ஏழு உயிர்.

அந்த நேரம் பார்த்துக் கோட்டுக்காரர் கேமராவோடு வந்து சேர்ந்தார். அறிக்கைக்குப் படம் வேண்டுமாம். புது பாய்லரை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்குப் பக்கத்தில் தரையில் சாக்பீஸால் நான்கு கட்டம் போட்டு, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று நம்பர் எழுதினார். வராத பாய்லர்கள் வராமல் இருக்கும் இடம். ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாகப் படம் எடுத்தார். மூன்றாம் நம்பர் கட்டத்தில் மிதித்துவிட்ட பெண்ணைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்.

எடுத்து முடித்ததும் நான் அவரைப் பழைய தகட்டிடம் கூட்டிக்கொண்டு போனேன். ஓட்டையைக் காட்டினேன். பிட்டர் சொன்னதைச் சொன்னேன்.

"சார், வராத நாலு பாய்லர எழுதிக்கிட்டீங்க. சரி. இங்க ஏழு பேரு சாக இருந்தோம், சாகல. இது உங்க அறிக்கையில எந்தக் கோட்டுல வரும்?"

நான் கோபத்தில்தான் கேட்டேன். ஆனால் அவர் தலையைச் சாய்த்து நிஜமாகவே யோசித்தார். அவருக்கு எங்கள் மேல் இரக்கம் இருந்தது, அது முகத்தில் தெரிந்தது. எப்படியாவது எங்களைச் சேர்த்துவிட வேண்டும் என்று பார்த்தார். கடைசியில் உதட்டைப் பிதுக்கினார்.

"வராதுங்க. நீங்க ஏழு பேரும் செத்துருவீங்கன்னு போன அறிக்கையிலயே செவப்புல போட்டிருக்கணும். அப்படிப் போட்டிருந்தா இப்பக் கழிச்சுக் காட்டலாம். போடலியே."

தங்கச்சி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அதுக்கென்ன சார், அடுத்த அறிக்கையில போட்டுக்கோங்க. ஏழு பேரும் கண்டிப்பா சாவோம்னு போடுங்க. நாங்க சாகாம இருந்து காட்டுறோம்."

கோட்டுக்காரர் பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்தார்.

"ஏழு போதுமா?" என்றார். "ஒரு இருபதா போட்டுக்கலாமா?"